டாம் இல்லாத ஆர்க்கிடெக்ட்ஸ்: ஒரு பிரிட்டிஷ் மெட்டல்கோர் குழுவின் இருபது ஆண்டுகள்

2011 ஜனவரியில் பிரைட்டன் நகரத்துக் குழுவான ஆர்க்கிடெக்ட்ஸ் தன் நான்காவது ஆல்பமான ‘தி ஹியர் அண்ட் நவ்’வை வெளியிட்டது. அதில் அலறலைக் குறைத்து மெட்டைக் கூட்டியிருந்தார்கள். பழைய ரசிகர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், புதியவர்களும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. பின்னாளில் அந்த ஆல்பத்தைப் பற்றிக் குழுவினரே பெருமையாகப் பேசியதில்லை.

2021 பிப்ரவரி 26 அன்று அவர்களுடைய ஒன்பதாவது ஆல்பம் ‘ஃபார் தோஸ் தட் விஷ் டு எக்ஸிஸ்ட்’ வந்தது. இதிலும் அலறல் குறைவு, மெட்டு அதிகம். கூடவே வயலின்கள், பித்தளைக் கருவிகள், மின்னணு ஓசைகள், அரங்கமே சேர்ந்து பாடத்தக்க பல்லவிகள். மாற்றத்தின் அளவைப் பார்த்தால் 2011இல் செய்ததைவிட இது பல மடங்கு பெரியது. பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது.

ஒரே குழு, ஒரே பாடகர், ஏறக்குறைய ஒரே திசையில் இரண்டு திருப்பங்கள். ஒன்று ஏன் சறுக்கியது, மற்றொன்று ஏன் நின்றது? இந்தக் கேள்வியோடுதான் ஆர்க்கிடெக்ட்ஸின் கதையை இங்கே பார்க்கப்போகிறேன். நடுவில் ஒரு மரணம் இருக்கிறது. அதைத் தொடாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

பிரைட்டனில் இரட்டையர்

மெட்டல்கோர் கேட்டுப் பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஹெவி மெட்டலின் கனத்த கிட்டார் ரிஃப்களும் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்குகள்) ஹார்ட்கோர் பங்க்கின் ஆவேசமும் கலந்து பிறந்தது இது. பாடகர் தொண்டையின் அடியிலிருந்து அலறுவார், சில குழுக்களில் இடையிடையே தெளிந்த குரலில் பாடவும் செய்வார். பாட்டின் ஓரிடத்தில் வேகம் சட்டென்று பாதியாக இறங்கி, கிட்டாரும் டிரம்ஸும் ஒரே அடியாகச் சேர்ந்து இடிக்கும். அதற்குப் பெயர் பிரேக்டவுன். மேடைக்கு முன்னால் நிற்கும் கூட்டம் அந்த இடத்துக்காகவே காத்திருக்கும்.

2004இல் டாம் சேர்ல், டான் சேர்ல் என்ற இரட்டைச் சகோதரர்கள் இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். டாம் கிட்டார், டான் டிரம்ஸ். இருவருக்கும் அப்போது 16 வயது. குழுவுக்கு வேறு பெயர்கள் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் ஆர்க்கிடெக்ட்ஸ் என்ற பெயருக்கு வந்தார்கள். அதே ஆண்டில் ஷெஃபீல்டு நகரத்தில் பிரிங் மீ தி ஹொரைஸன் குழுவும் தொடங்கியது. இந்தக் கதையில் அந்தப் பெயர் மீண்டும் வரும்.

2006இல் வந்த முதல் ஆல்பம் ‘நைட்மேர்ஸ்’. அமெரிக்காவின் தி டில்லிஞ்சர் எஸ்கேப் பிளான், பாட்ச் போன்ற குழுக்களைக் கேட்டு வளர்ந்த பையன்களின் வேலை என்று அதில் தெளிவாகத் தெரியும். நாலுக்கு நாலு என்று நேராகப் போகாத தாளக்கட்டு, நொடிக்கு நொடி திசை மாறும் ரிஃப்கள். கணக்கும் பதற்றமும் கலந்த இந்த வகையை மேத்கோர் என்பார்கள். முதல் ஆல்பத்தில் பாடிய மேட் ஜான்சன் விலக, சாம் கார்ட்டர் வந்து சேர்ந்தார். அலி டீன் பேஸுக்கு வந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். 2007இல் ‘ரூயின்’ வந்தது. பிறகு செஞ்சுரி மீடியா நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆகி, 2009 ஜனவரியில் ‘ஹாலோ கிரவுன்’ வெளியானது.

‘ஹாலோ கிரவுன்’தான் அவர்களின் முதல் முழு வெற்றி என்று நினைக்கிறேன். ‘எர்லி கிரேவ்’, ‘ஃபாலோ தி வாட்டர்’ இரண்டையும் இன்றைக்குக் கேட்டாலும் இருபத்தொரு வயதுப் பையன்களின் கையும் மூளையும் எவ்வளவு வேகமாக ஓடியிருக்கின்றன என்று வியப்பாக இருக்கிறது. கணக்கு அப்படியே இருக்கிறது, ஆனால் பாட்டு பாட்டாகவும் நிற்கிறது. ஒரு ரிஃப் வந்து மனதில் பதிவதற்குள் ஓடிவிடும் பழைய பழக்கம் இதில் குறைந்துவிட்டது. இந்த இசையில் சிறுவயதில் திறமை காட்டுவது எளிது, எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு நாளாகும். அவர்கள் அதைத் தெரிந்துகொள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

முதல் திருப்பம்

‘தி ஹியர் அண்ட் நவ்’ ஆல்பத்தைத் தயாரித்தவர் ஸ்டீவ் எவெட்ஸ். டில்லிஞ்சர் எஸ்கேப் பிளானின் முரட்டுத்தனமான ஆல்பங்களுக்குப் பின்னால் இருந்தவர் அவர். அந்தக் குழுவின் பாடகர் கிரெக் புச்சியாட்டோவும் இந்த ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குக் குரல் கொடுத்திருக்கிறார். ஆர்க்கிடெக்ட்ஸ் சிறுவயதில் அண்ணாந்து பார்த்தவர்கள் அதே அறையில் இருந்தபோதுதான் அவர்களின் மிக மென்மையான ஆல்பம் உருவாகியிருக்கிறது.

இந்த ஆல்பத்தை வெறுப்பவர்கள் சொல்லும் அளவுக்கு அது மோசமில்லை. சாம் கார்ட்டரால் தெளிந்த குரலில் பாட முடியும் என்பதை அதில்தான் உலகம் முதல்முறையாக முழுமையாகக் கேட்டது. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. பாடல்களில் என்ன சொல்கிறார்கள் என்பது மாறவில்லை, எப்படிச் சொல்கிறார்கள் என்பது மட்டும் மாறியிருந்தது. பழைய கோபத்தின் மேல் புதிய மெருகு பூசியதுபோல் ஆகிவிட்டது. கனத்தைக் கழற்றிய இடத்தில் வைப்பதற்கு வேறொன்று அவர்களிடம் அப்போது இல்லை. மெட்டு கட்டுவதும் ஒரு தனிக் கைத்தொழில், அதில் அவர்கள் அன்றைக்கு அனுபவம் குறைந்தவர்கள்.

காலமும் கைகொடுக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். 2011இல் பிரிட்டிஷ் மெட்டல்கோர் ரசிகருக்கு, தனக்குப் பிடித்த குழு மென்மையானால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வானொலிக்காக விலைபோய்விட்டார்கள். வேறு விளக்கம் இருக்கலாம் என்று யோசிக்க அவர்களுக்கு முன்மாதிரி இல்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே குழு திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டது. ‘டெவில்ஸ் ஐலண்ட்’ என்ற பாடல் 2011 ஆகஸ்டில் இங்கிலாந்து நகரங்களில் வெடித்த கலவரங்களைப் பற்றியது. 2012இல் ‘டேபிரேக்கர்’ வந்தது. அரசியல், சுற்றுச்சூழல், மதம் என்று கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது அதில்தான். அதே ஆண்டில் இரண்டாவது கிட்டார் வாசித்துவந்த டிம் ஹில்லியர்-புரூக் விலகினார். எழுதும் பொறுப்பு இன்னும் அதிகமாக டாமின் தோளில் ஏறியது. என் கணக்கில் அந்த விலகல் குழுவின் ஓசையையே மாற்றிவிட்டது. ஒரே ஆள் எல்லா கிட்டார்களையும் யோசிக்கும்போது பாட்டுக்கு ஒரே மனம் வந்துவிடுகிறது.

கோத்தன்பர்க், 2014

2013இல் எபிடாஃப் நிறுவனத்தில் சேர்ந்தார்கள். பேட் ரிலிஜன் குழுவின் பிரெட் குரேவிட்ஸ் தொடங்கிய பங்க் நிறுவனம் அது. அரசியல் பேசும் குழுவுக்குப் பொருத்தமான இடம். அடுத்த ஆல்பத்துக்காக ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் உள்ள ஸ்டுடியோ ஃப்ரெட்மேனுக்குப் போனார்கள். ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோம், ஹென்ரிக் உட் இருவரும் தயாரிப்பு. ஸ்வீடிஷ் மெட்டலின் எத்தனையோ முக்கியமான ஆல்பங்கள் ஒலிப்பதிவான இடம் அது.

2014 மார்ச்சில் ‘லாஸ்ட் ஃபாரெவர் லாஸ்ட் டுகெதர்’ வந்தது. இதிலிருந்துதான் ‘ஆர்க்கிடெக்ட்ஸ் மாதிரி’ என்று இன்றைக்கு மற்ற குழுக்களைப் பற்றிச் சொல்லும்போது நாம் குறிக்கும் ஓசை தொடங்குகிறது. அதைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்ப்போம். கிட்டாரின் தந்திகளை மிகவும் தாழ்வாகச் சுருதி கூட்டியிருப்பார் டாம். ஒரு கனத்த அடி விழும். உடனே எல்லாம் நின்று, ஒரு நொடியில் ஒரு பங்கு அளவுக்கு அமைதி. பிறகு எதிர்பார்க்காத இடத்தில் அடுத்த அடி. அந்த அமைதிதான் டாமின் கண்டுபிடிப்பு என்பேன். பின்னணியில் மிக மெல்லியதாக மின்னணு ஓசை ஒன்று பனிமூட்டம்போல் படர்ந்திருக்கும். அது இருப்பதால்தான் அடிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் பெரிதாகத் தெரிகிறது. டானின் கால் டிரம் ஒவ்வொரு அடியோடும் பிசகாமல் ஒட்டிக்கொண்டு போகும். இரட்டையர் என்பதால் இது வந்ததா என்று கேட்டால் நிரூபிக்க முடியாது. ஆனாலும் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான் வரும்.

சாம் கார்ட்டரின் குரலும் இதற்குள் மாறியிருந்தது. அலறும்போதே சுரத்தைப் பிடித்துக்கொள்ளப் பழகியிருந்தார். முழு அலறலுமில்லை, முழுப் பாட்டுமில்லை. தொண்டை கிழிகிற சத்தத்துக்குள்ளேயே மெட்டு தெரியும். 2011இல் இரண்டு தனிப் பெட்டிகளில் இருந்தவை இங்கே ஒன்றாகிவிட்டன. பிரேக்டவுனுக்கு முன்னால் அவர் எழுப்பும் ‘ப்ளெஹ்’ என்ற ஒற்றை உறுமல் ரசிகர்களிடையே அவருடைய முத்திரையாகவே ஆகிவிட்டது. ‘நேசேயர்’, ‘கிரேவ்டிகர்’, ‘புரோக்கன் கிராஸ்’ ஆகியவை மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போட்ட பாடல்கள். பிரிட்டன் பட்டியலில் ஆல்பம் 16ஆம் இடம் வரை போனது.

அந்த ஆல்பத்தின் பாடல் பட்டியலில் ‘கேன்சர்’ என்று ஒரு தலைப்பு இருக்கிறது, ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் புள்ளி வைத்து. எல்லோர் கண் முன்னாலும் இருந்தது அது. டாமுக்குத் தோல் புற்றுநோய் இருப்பது அப்போது வெளியே தெரியாது. உவமை என்று எடுத்துக்கொண்டு நாங்கள் கடந்துபோய்விட்டோம்.

2016

2016 மே 27 அன்று ‘ஆல் அவர் காட்ஸ் ஹேவ் அபாண்டன்ட் அஸ்’ வந்தது. அதே ஸ்வீடன் கூட்டணி, அதே ஓசையின் உச்சம். பட்டியலில் 15ஆம் இடம். ‘நைஹிலிஸ்ட்’, ‘எ மேட்ச் மேட் இன் ஹெவன்’ போன்றவற்றில் அரசியல் கோபம் கொதித்தது. ‘கிராவிட்டி’, ‘கான் வித் தி விண்ட்’, எட்டு நிமிடம் ஓடும் கடைசிப் பாட்டான ‘மெமென்டோ மோரி’ ஆகியவை வேறு எதையோ பேசின. நம்பிக்கை, உடல், மரணம். அந்த லத்தீன் தொடருக்கு ‘நீ சாவாய் என்பதை நினைவில் வை’ என்று பொருள்.

அது வெளியாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2016 ஆகஸ்ட் 20, நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில் டாம் சேர்ல் இறந்தார். வயது 28. மூன்று ஆண்டுகளாகப் புற்றுநோயோடு வாழ்ந்திருக்கிறார். செய்தியை உலகுக்குச் சொன்னவர் டான். அந்த மூன்று ஆண்டுகளில்தான் குழுவின் இரண்டு மிகச் சிறந்த ஆல்பங்கள் எழுதப்பட்டன, இடைவிடாத சுற்றுப்பயணங்களும் நடந்தன என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஒரு இசைக்குழுவில் ஒருவர் இறப்பது புதிதல்ல. இங்கே போனவர் யார் என்பதைப் பார்க்கவேண்டும். டாம் வெறும் கிட்டார் வாசிப்பவர் அல்ல. இசையை எழுதியவர் அவர், வரிகளையும் எழுதியவர் அவர். சாமின் வாயிலிருந்து வந்த சொற்கள் டாமுடையவை. மெட்டல்கோர் குழுக்களில் பெரும்பாலும் பாடகரே வரிகளை எழுதுவார் என்பதால் கேட்கிறவர்களுக்கு இது எளிதில் தெரியாது. குழுவின் கையும் மூளையும் அவரிடம் இருந்தன.

‘கான் வித் தி விண்ட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிற்பகுதியில் ஓரிடத்தில், நண்பன் முன்பு தன்னிடம் சொன்ன ஒன்று நினைவிருக்கிறதா என்று பாட்டு ஒருவரைப் பார்த்துக் கேட்கும். எழுதியபோது கேட்பவர் டாம். அவர் எழுதியதைச் சாம் அலறினார். ஆகஸ்டுக்குப் பிறகு அதே வரியைச் சாம் மேடையில் அலறும்போது, கேட்பது சாம் என்றும் கேட்கப்படுகிறவர் டாம் என்றும் பாட்டு தலைகீழாகிவிட்டது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. நிகழ்ச்சிகளில் அந்தப் பாட்டை டாமுக்குச் சமர்ப்பித்துப் பாடும் காணொளிகள் இருக்கின்றன. குரல் உடையும் இடம் பதிவில் கேட்ட இடம் அல்ல. நான் அவற்றை ஒருமுறைக்கு மேல் பார்த்ததில்லை.

டான் எழுதிய அறிவிப்பில் ஓர் உறுதிமொழி இருந்தது. குழுவைத் தொடர விரும்புகிறோம், ஆனால் டாம் பெருமைப்படுவார் என்று நம்பாத எதையும் வெளியிடமாட்டோம் என்பது அதன் சாரம். ஒப்புக்கொண்டிருந்த சுற்றுப்பயணங்களையும் அவர்கள் ரத்து செய்யவில்லை.

‘டூம்ஸ்டே’

2017 செப்டம்பர் 6 அன்று ஒரே ஒரு பாடல் வந்தது. ‘டூம்ஸ்டே’. டாம் தொடங்கி முடிக்காமல் விட்டுப்போன பாட்டு அது. சைலோசிஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஜாஷ் மிடில்டன் குழுவில் முறையாகச் சேர்ந்துவிட்டார் என்பதும் அதனோடே தெரிந்தது. சைலோசிஸ் வேகமான திராஷ் மெட்டல் குழு. அங்கே தானே தலைவராக இருந்தவர், இங்கே வந்து இன்னொருவரின் கையெழுத்தில் எழுதக் கற்றுக்கொண்டார். மிடில்டனின் இந்தப் பணிவைப் பற்றிப் போதுமான அளவு யாரும் பேசவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

வரிகளை இப்போது எழுதியவர் டான். டிரம்ஸ் வாசிப்பவர், அண்ணன் தம்பி என்று பிரிக்க முடியாதபடி ஒன்றாகப் பிறந்தவர். ‘டூம்ஸ்டே’யின் பல்லவி ஒரு ஆறுதல் வாக்கை எடுத்துக்கொண்டு அதை ஏற்க மறுக்கிறது. நல்லவர்கள் இளவயதிலேயே போய்விடுவார்கள் என்ற வாக்கு. நம் வீடுகளில் இழவு கேட்க வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து ‘நல்லவங்களைத்தான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கிறான்’ என்பார்களே, அதே வாக்கு. நடந்தது நடந்துவிட்டது என்பதும் எனக்குப் போதவில்லை என்கிறது பாட்டு. துக்க வீட்டில் இருந்தவர்களுக்கு இந்த மறுப்பு உடனே புரியும். அதைச் சாம் அந்தக் கிழிந்த மெட்டில் பாடுகிறார். அலறல் மட்டும் இருந்தால் அது கோபமாகப் போயிருக்கும், தெளிந்த குரல் மட்டும் இருந்தால் ஒப்பாரியாகியிருக்கும்.

2018 பிப்ரவரி 3, லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ். சுமார் 10,000 பேர் கொள்ளும் அந்த இடத்தின் எல்லா டிக்கெட்டும் விற்றுப்போயின. அதுவரை அவர்கள் தலைமையேற்று நடத்தியதிலேயே மிகப் பெரிய நிகழ்ச்சி. இதை ஒட்டி ‘ஹோலி கோஸ்ட்’ என்ற ஆவணப்படமும் வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் வெம்பிளி அரினாவிலும் வாசித்தார்கள். இந்த மேடைகளை நோக்கிக் குழுவை எழுதிக் கொண்டுவந்தவர் ஒரு மேடையையும் பார்க்கவில்லை.

2018 நவம்பர் 9 அன்று வெளிவந்த ‘ஹோலி ஹெல்’ ஆல்பத்தை டானும் மிடில்டனும் சேர்ந்து தயாரித்தார்கள். டாம் விட்டுச்சென்ற துணுக்குகள் சில பாடல்களுக்குள் இருக்கின்றன. பதினொரு பாடல்கள். முதல் பாட்டின் தலைப்பு ‘டெத் இஸ் நாட் டிஃபீட்’. சாவு தோல்வியல்ல என்கிறது. அதில் இசைக்கு முன்னால் வயலின்கள் எழும்பி வரும்போது பழைய ஆர்க்கிடெக்ட்ஸுக்குப் புதிய சதை சேர்ந்துவிட்டது தெரிகிறது. ‘தி செவன்த் சர்க்கிள்’ இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் வெறும் ஆத்திரம். துக்கத்தில் அப்படி ஒரு நாள் வரும், எந்த அர்த்தமும் தேடாத நாள். அதற்கு ஆல்பத்தில் இடம் ஒதுக்கியது சரியான முடிவு. ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது டான் வலியைப் பற்றித்தான் பேசினார். வலியை எப்படிக் கடக்கிறோம், அதற்குள் கற்றுக்கொள்வதற்கு ஏதோ இருக்கிறது என்ற பொருளில்.

இங்கே இசையில் நடந்த ஒன்றைக் கவனிக்கவேண்டும். டாமின் பாணி அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கிறது: அடி, அமைதி, அடி. ஆனால் அந்த அமைதிகளை வயலின்களும் மின்னணு ஓசையும் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பத் தொடங்குகின்றன. டாமின் காலத்தில் வெற்றிடமாக விட்டதை டான் வெற்றிடமாக விடவில்லை. அதன் காரணத்தை நான் ஊகிக்க முடியும், சொல்ல எனக்கு உரிமையில்லை. எப்படியோ, 2021இன் பெரிய ஓசைக்கு விதை இங்கேதான் விழுந்தது.

இரண்டாவது திருப்பம்

‘ஹோலி ஹெல்’லோடு டாமின் துணுக்குகள் கிட்டத்தட்டத் தீர்ந்தன. அடுத்து எழுதுவது முழுக்கத் தங்களுடையதாகவே இருக்கவேண்டும். டாம் மாதிரி எழுதிக்கொண்டே போயிருந்தால் ரசிகர்கள் பத்தாண்டு காலம் வாங்கியிருப்பார்கள். ஆனால் அதற்குள் அந்த ஓசையை உலகம் முழுவதும் இளம் குழுக்கள் நகலெடுக்கத் தொடங்கியிருந்தன. தங்கள் நகல்களுக்கு நடுவே தாங்களும் ஒரு நகலாக நிற்பதா என்ற கேள்வி.

டானும் மிடில்டனும் சேர்ந்து தயாரித்த ‘ஃபார் தோஸ் தட் விஷ் டு எக்ஸிஸ்ட்’ பதினைந்து பாடல்கள் கொண்டது. பேசுபொருள் பூமியின் அழிவு. அதைவிட முக்கியமாக, அழிவைத் தெரிந்துகொண்டே எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் நம் மனநிலை. முந்தைய ஆல்பங்களில் குற்றவாளி வெளியே இருந்தார்: அரசு, நிறுவனம், மதம். இதில் பாடுகிறவரே கூண்டில் ஏறி நிற்கிறார். ‘அனிமல்ஸ்’ பாட்டின் ரிஃப் ஒரு குழந்தைகூட முணுமுணுக்கும் அளவுக்கு எளிது. ‘ஹாலோ கிரவுன்’ எழுதிய கைகள் இவ்வளவு எளிதாக ஒன்றை எழுதத் துணிந்ததைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பார்க்வே டிரைவின் வின்ஸ்டன் மெக்கால், ராயல் பிளட்டின் மைக் கெர், பிஃபி கிளைரோவின் சைமன் நீல் என்று வேறு குழுக்களின் பாடகர்கள் மூவரும் ஒவ்வொரு பாட்டில் வருகிறார்கள். கடைசிப் பாட்டு ‘டையிங் இஸ் அப்சலூட்லி சேஃப்’ பெரும்பகுதி மென்மையான கிட்டாரில் நகர்கிறது.

பெருந்தொற்றுக் காலம். கூட்டம் கூட முடியாது. 2020 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லாமல், இணைய நேரலைக்காக வாசித்தார்கள். பிறகு ஆல்பம் வந்து முதலிடம் பிடித்தபோதும் கொண்டாட அரங்கம் இல்லை. முந்தைய வாரம் அதே பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஸ்காட்லாந்தின் மொக்வாய். அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் சுயேச்சை நிறுவனங்களைச் சேர்ந்த இரண்டு கிட்டார் குழுக்கள். அந்தப் பட்டியலைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு அது எவ்வளவு அரிது என்று தெரியும். பின்னர் அபே ரோடு ஸ்டுடியோவில், சைமன் டாப்சன் நடத்தும் பாரலாக்ஸ் ஆர்கெஸ்ட்ராவோடு முழு ஆல்பத்தையும் வாசித்து 2022இல் வெளியிட்டார்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். 2011க்கும் 2021க்கும் நடுவே மாறியவற்றில் ஒன்று குழுவுக்கு வெளியே நடந்தது. பிரிங் மீ தி ஹொரைஸன் 2013இல் ‘செம்பிட்டர்னல்’ ஆல்பத்தோடு மின்னணு ஓசைக்குள் நுழைந்து, பிறகு பாப் இசை வரை போய், 2019இல் ‘அமோ’ ஆல்பத்தோடு பிரிட்டனில் முதலிடமே பிடித்துவிட்டது. மெட்டல்கோர் ரசிகர்கள் அதைத் திட்டிக்கொண்டே பழகினார்கள். ஆர்க்கிடெக்ட்ஸ் அந்த வழியில் வந்தபோது முள் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு நேர்மையாக இருக்காது.

மற்றது உள்ளே நடந்தது. 2011இல் சாமிடம் இரண்டு குரல்கள் தனித்தனியாக இருந்தன, 2014க்குப் பிறகு அவை ஒன்றாகிவிட்டன. அதனால் 2021இல் மெட்டு கூடியபோது யாரோ வேறொருவர் பாடுவதுபோல் ஒலிக்கவில்லை. கனத்தைக் கழற்றிய இடத்தில் வைப்பதற்கு இப்போது வயலின்களும் பித்தளையும் இருந்தன, அவற்றை எழுதப் பழகியிருந்தார்கள். எல்லாவற்றையும்விட, மாறவேண்டிய கட்டாயம் இருந்தது. 2011இல் டாம் இருந்தார், பழையபடியே எழுதியிருக்கலாம், மாறியது ஒரு விருப்பம். 2021இல் பழையபடி எழுதுகிறவர் இல்லை. ரசிகர்களும் அதை அறிந்திருந்தார்கள். 2011இல் கோபித்துக்கொண்ட அதே கூட்டம், ஐந்து ஆண்டுகள் அவர்களோடு சேர்ந்து துக்கம் காத்துவிட்டு இந்த ஆல்பத்தைக் கேட்டது. இதை வெறும் அனுதாப வாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அனுதாபத்தால் ‘ஹோலி ஹெல்’தான் முதலிடம் பிடித்திருக்கவேண்டும், அது நின்றதோ 18ஆம் இடத்தில்.

பிறகு

2022 அக்டோபரில் வந்த ‘தி கிளாசிக் சிம்ப்டம்ஸ் ஆஃப் எ புரோக்கன் ஸ்பிரிட்’ அதே பாதையில் இன்னும் கொஞ்சம் போய், இயந்திரச் சத்தம்போல் ஒலிக்கும் இண்டஸ்ட்ரியல் ஓசையைத் தொட்டது. பாடல்கள் சிறியவை, பல்லவிகள் தயாராக இருக்கின்றன. எனக்கு அது அவசரமாக முடித்த வேலையாகத்தான் பட்டது. 2023 மே மாதம் மிடில்டன் விலகி மீண்டும் சைலோசிஸுக்கு முழுநேரமாகப் போனார். மெட்டாலிகாவின் ஐரோப்பிய ஸ்டேடியம் பயணத்தில் முன்வாசிக்கும் வாய்ப்பு வந்ததும் இந்தக் காலத்தில்தான்.

2023 டிசம்பரில் வந்த ‘சீயிங் ரெட்’ பாட்டு நேரடியாக ரசிகர்களிடம் பேசுகிறது. நாங்கள் ஆத்திரத்தில் இருக்கும்போது மட்டும்தானே உங்களுக்கு எங்களைப் பிடிக்கிறது என்று கேட்கிறது. அந்தக் கேள்வியையே பழைய ஆத்திரத்தோடு கேட்டதால் ரசிகர்கள் துள்ளினார்கள். அந்தப் பாட்டும் சேர்ந்த பதினோராவது ஆல்பம் ‘தி ஸ்கை, தி எர்த் அண்ட் ஆல் பிட்வீன்’ 2025 பிப்ரவரி 28 அன்று வந்தது. தயாரிப்பு ஜோர்டன் ஃபிஷ். பிரிங் மீ தி ஹொரைஸனை மின்னணு ஓசைக்குள் அழைத்துப்போனவர், அந்தக் குழுவிலிருந்து விலகிய பின் இங்கே வந்து ஆர்க்கிடெக்ட்ஸை மறுபடியும் கனமாக்கியிருக்கிறார். ‘விப்லாஷ்’ பாட்டில் அந்த அடி, அமைதி, அடி திரும்ப வருகிறது. ஆனால் இப்போது அதை எழுதியவர்களுக்கு அது பூர்வீகச் சொத்துபோல. அதை வைத்துக்கொண்டு பல்லவியில் 2021இல் கற்ற வித்தையையும் காட்டுகிறார்கள்.

‘ஹாலோ கிரவுன்’ செய்த ஐவரில் இன்று மூன்று பேர் இருக்கிறார்கள்: சாம், அலி, டான். அவர்களோடு 2015 முதல் கூட இருக்கும் கிட்டார் கலைஞர் ஆடம் கிறிஸ்டியன்சன். ஒவ்வொரு ஆல்பம் வரும்போதும் டான் 2016இல் எழுதிய அந்த உறுதிமொழியை நினைத்துக்கொண்டுதான் முதல்முறை கேட்கிறேன். டாம் இதைக் கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பாரா என்று உண்மையில் சொல்லக்கூடியவர் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான். 2022இல் எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. ‘விப்லாஷ்’ கேட்ட அன்று இல்லை.